பேருந்து நெற்றியில் ஓடும் எழுத்து

1973-ல் சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம் வந்த காலத்தில், பேருந்தின் ஊர்ப்பலகையைப் பெயிண்டர்தான் எழுதுவார். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபின் 'னை'யின் தும்பிக்கை மெல்ல மெல்ல மறைந்தது. பலகையில் சென்னையின் முகமே மாறிப்போயிற்று.

அந்தப் பெயிண்டர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. சேலம், நாமக்கல் இரண்டும் பெரிதாக. நடுவில் 'வழி: இராசிபுரம்' சின்னதாக. மூன்றும் ஒரே பார்வையில் விழும். எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிகூடப் பலகையின் தோற்றத்தை வைத்தே ஏறிவிடுவார்.

இப்போது மின்விளக்குப் பலகை. இரவில் தூரத்திலேயே பளிச்சென்று தெரிகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுத்து ஓடுகிறதே! ஆண்டகளூர் கேட்டில் நிற்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வண்டி இராசிபுரத்துக்குள் போகுமா, நேரே நாமக்கல்லுக்கா? நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் 'வழி' ஓடிவிடுகிறது, வண்டியும்தான். தவறி ஏறிய கிழவி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடக்க வேண்டும். பலகையை வடிவமைத்தவர் ஒரு மதியம் அங்கே நின்று பார்த்திருந்தால், ஊர்ப்பெயரை ஓடவிடாமல் நிறுத்தியிருப்பார்.

இன்றும் நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு "இராசிபுரம், இராசிபுரம்" என்று கத்திக்கொண்டுதான் வருகிறார்.