தராசில் ஏறிய மூளை

மாந்தரின் அறிவை எடைக்கல்லால் அளக்க முயன்ற காலம் ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் உடற்கூற்று அறிஞர் பலர் இறந்தோரின் மூளையைத் தராசில் வைத்து நிறுத்தனர். ஆண் மூளை, பெண் மூளையைவிடச் சராசரியாக 100 கிராமுக்கு மேல் கனத்தது. அளவு சரியே, அதிலிருந்து பெற்ற முடிவுதான் பிழை. மியூனிக் நகரப் பேராசிரியர் தியோடர் பிஷோஃப், பெண்கள் மருத்துவம் பயிலலாகாது என்று 1872இல் வாதிட்டபோது இந்த எடையையே சான்றாகக் காட்டினார். 1882இல் அவர் இறந்தபின் அவரது மூளையையும் நிறுத்தனர். அது 1,245 கிராம்தான். அவரே கணித்த ஆண் சராசரியை எட்டவில்லை.

அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவர் வில்லியம் ஹாமண்ட், பெண் மூளை வேறானதாகையால் சிறுவர்க்குரிய கல்வி சிறுமியர்க்கு ஏலாது என்று 1887இல் எழுதினார். ஹெலன் கார்டனர் என்னும் பெண் எழுத்தாளர் அதனை மறுக்கத் துணிந்தார். மூளை வல்லுநர்களை அணுகிக் கேட்டறிந்தார். பெயரும் பாலும் குறிக்கப்படாத மூளைகளைக் கையில் கொடுத்தால், இது ஆணுடையது, இது பெண்ணுடையது என்று பிரித்துக் காட்ட இயலுமா என்று வினவினார். 1888இல் வாஷிங்டனில் ஆற்றிய உரையில் மற்றொரு குறையையும் சுட்டினார். ஆண்களில் புகழ்பெற்றோரின் மூளைகள் ஆராயப்பட்டன; பெண்களிலோ ஆதரவற்று இறந்தோரின் மூளைகளே தராசுக்கு வந்தன. இது நேரிய ஒப்பீடாகுமா?

அக்குறையைப் போக்கத் தம் மூளையையே கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு உயில் எழுதி வைத்தார். 1925இல் அவர் மறைந்தபின் ஆராய்ந்தபோது, அதன் எடை 1,150 கிராம். பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தவரும், 1920இல் அமெரிக்கக் குடிமைப் பணி ஆணையத்தின் முதல் பெண் உறுப்பினரானவரும் அந்த எடை குறைந்த மூளைக்கு உரியவரே.

தராசு போய்ப் படக்கருவி வந்தபின்னும் பழைய ஆவல் அடங்கவில்லை. 1995இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், 6 திருநங்கையரின் மூளையில் ஒரு சிறு நரம்புத்தொகுதி பெண்களுக்குரிய அளவில் இருந்ததாக அறிவித்தனர். பாலின அடையாளத்தின் இருப்பிடம் அகப்பட்டுவிட்டதெனப் பலர் எண்ணினர். ஆனால் அத்தொகுதியில் ஆண் பெண் வேறுபாடு வளர்ந்தபின்னரே தெளிவாகத் தோன்றுகிறது என்று 2002இல் தெரியவந்தது. தம் அடையாளத்தை இளமையிலேயே உணர்ந்தவர்களோ பலர். 2015இல் இஸ்ரேலிய அறிஞர் டாஃப்னா ஜோயலும் குழுவினரும் 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களை ஆராய்ந்தனர். சராசரியில் வேறுபாடுகள் உண்டு. ஆயினும் பெரும்பாலான மூளைகளில் இருபாலார்க்கும் உரிய கூறுகள் கலந்தே கிடந்தன.

சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய சொல். எதிரே நிற்கும் ஒருவர் யார், அவரால் எது இயலும் என்பதை அறிய, அவர் வாய்திறந்து பேசுவதைக் கேட்பதே வழி. கார்டனர் கேட்டதும் அதைத்தான்.