மூடியில்லாத் தொட்டிகள்: விம்கோ நகர் வட்டாரத்தில் தண்ணீரும் கொசுவும், ஒரு வரலாற்று நோக்கு

வட சென்னையின் விம்கோ நகரில் கொசுவைப் பற்றிப் பேச்செடுத்தால் கை நீள்வது பக்கிங்காம் கால்வாயை நோக்கித்தான். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர்வரை முதலில் வெட்டப்பட்டு, தாது வருடப் பஞ்சத்தை ஒட்டிய விரிவாக்கத்துக்குப் பின் 1878இல் இன்றைய பெயரைப் பெற்ற அந்த நீர்வழி, பிற்காலத்தில் கழிவுநீர் வாய்க்காலாகிப்போனது. குற்றச்சாட்டில் பாதி உண்மை. தேங்கிய சாக்கடையில் பெருகி, இரவில் காதோரம் ரீங்காரமிடும் கியூலெக்ஸ் கொசு கால்வாயின் கொடைதான். யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுவே. ஆனால் உயிருக்கு உலை வைக்கும் டெங்குவும், பல ஆண்டுகள் சென்னையை விட்டு அகலாத மலேரியாவும் சாக்கடையில் பிறப்பதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீஃபன்சி கொசுவும் நாடுவது ஓரளவு தெளிந்த நீரை. கிணறு, மாடித் தொட்டி, டிரம், குடம் என நாம் குடிக்கவும் குளிக்கவும் சேர்த்துவைக்கும் நீர்தான் அவற்றின் பிறப்பிடம். ஆகவே இவ்வட்டாரத்தின் கொசு நோய் வரலாற்றைத் தண்ணீர் வந்த முறையின் வரலாறாகவே படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல். அடுத்த பதினான்கு ஆண்டுகளிலேயே, பம்பாய் மலேரியாவை ஆராய்ந்த பென்ட்லி வீட்டுக் கிணறுகளையும் தொட்டிகளையும் சுட்டிக்காட்டிவிட்டார். கிணற்றை மூடச் சொன்னபோது அங்கே சமய நம்பிக்கையின் பேரில் எதிர்ப்பு எழுந்தது. நோய்த் தடுப்பு என்பது வீட்டுக்குள் நுழைந்து தண்ணீரைத் தொடும் விவகாரம் என்பது அப்போதே தெரிந்துபோனது. சென்னை மாகாணத்தின் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் கொசுக் கட்டுப்பாட்டுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியது. கொசு உற்பத்தியாகும்படி நீரைத் தேங்கவிடுவது உரிமையாளரின் குற்றமானது. இன்று மாநகராட்சி விதிக்கும் அபராதங்களுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. விடுதலைக்குப் பின் கவனம் வேறு பக்கம் திரும்பியது. 1953இல் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் கிராமத்துச் சுவர்களில் டிடிடி தெளித்தன. நாட்டில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் என மதிப்பிடப்பட்ட மலேரியா 1965வாக்கில் ஒரு லட்சமாகச் சுருங்கியது. அது மாபெரும் சாதனை. ஆனால் நகரங்களில் கொசுப் புழு ஒழிப்பு உள்ளாட்சிகளின் பொறுப்பில் விடப்பட்டது. அங்கே நோய் பதுங்கிக்கொண்டது. 1971இல் நகர்ப்புற மலேரியாத் திட்டம் வந்தும், 1976இல் நாட்டின் நோயாளிகள் 64 லட்சத்தைத் தாண்டினார்கள். சுவரில் அடித்த மருந்துக்கும் மாடித் தொட்டிக்கும் சம்பந்தமில்லை என்பதே நகரம் தந்த பாடம்.

ஏடிஸின் கதை இன்னும் நெருக்கமானது. அது பரப்பும் சிக்குன்குனியா 1964இல் சென்னையை உலுக்கியது. பிறகு மங்கி, 2006இல் தமிழகமெங்கும் மூட்டுகளை முடக்கியபடி திரும்பிவந்தது. இடைப்பட்ட காலத்தில் வட சென்னை வீடுகளில் நீர் வைக்கும் முறையே மாறியிருந்தது. கடலோர நிலத்தடி நீர் உவர்த்தது. மீஞ்சூர்ப் பக்கம் அளவுமீறி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்தது. 1978இல் குடிநீர் வாரியம் உருவான பின்னும் குழாயில் நீர் வரும் நேரம் நிச்சயமில்லாதபோது அடிபம்பு, லாரி, சம்ப், சின்டெக்ஸ் தொட்டி, நீல டிரம் என்று அடுக்கடுக்காய்ச் சேமிப்பு வளர்ந்தது. வாசலோர டிரம்மின் உட்சுவரை உற்றுப் பாருங்கள்: நீர்மட்டத்துக்குச் சற்று மேலே மிளகுத்தூள் ஒட்டியதுபோல் கரும்புள்ளிகள். அவை ஏடிஸ் முட்டைகள். நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் காத்திருக்கும். அடுத்த லாரித் தண்ணீர் நனைத்ததும் கூத்தாடிப் புழுவாகும். ஒரு வாரம், பத்து நாளில் பறக்கும். நீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் அழுந்தத் தேய்க்க வேண்டும் என்பது இதனால்தான். 2019 கோடையைப் போன்ற வறட்சியில் டிரம்கள் பெருகுவதையும், பின்னால் வரும் வடகிழக்குப் பருவமழையில் டெங்கு தலைதூக்குவதையும் தனித்தனி நிகழ்ச்சிகளாகப் பார்க்க முடியாது.

இவ்வளவும் மக்களின் அலட்சியம்தானே என்று கேட்கலாம். மூடி போடுவது வீட்டுக்காரர் கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எப்போது வரும் என்று தெரியாத நீரைத் திறந்த பாத்திரத்தில் பிடித்துவைப்பவரை அலட்சியக்காரர் என்பது நியாயமாகாது. பற்றாக்குறையின் சுமையை அவர் தலையில் ஏற்றுவது அது. புகை மருந்து அடித்தால் தீராதா என்பது இன்னொரு கேள்வி. புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், புழுவைத் தொடாது. ஏடிஸோ வீட்டுக்குள் கட்டிலடியிலும் தொங்கும் துணியிலும் ஒண்டிக்கொண்டு பகலில் கடிப்பது. தெருவில் போகும் புகை அதை எட்டுவது அரிது. நோய் வெடித்த இடத்தில் புகைக்கு வேலை உண்டு, அதற்கு மேல் இல்லை. இங்கே வீடுகளுக்கு அப்பாலும் பார்க்க வேண்டியிருக்கிறது: கண்டெய்னர் லாரிகள் கழித்துப்போட்ட டயர், காசிமேட்டில் மழைநீர் தேங்கிய பழைய படகு, கட்டுமானப் பள்ளம். துறைமுகங்களைச் சுற்றி 400 மீட்டர்வரையாவது நோய்பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தச் சர்வதேசச் சுகாதார விதிகள் சொல்வது காரணமின்றி அல்ல. நோய் ஒழிந்த இடத்திலும் கொசு புதிதாக நுழையும் என்பதற்கு இலங்கை உதாரணம்: மலேரியா ஒழிந்த நாடென்று அது 2016 செப்டம்பரில் சான்று பெற்றது. அவ்வாண்டு முடிவதற்குள் ஸ்டீஃபன்சி மன்னார்க் கிணறுகளில் தென்பட்டது. கிணறுகளை மூடுவதும் புழுத் தின்னும் மீன்களை விடுவதுமாக அங்கே உடனே வேலை தொடங்கியது.

2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. 2011இல் விம்கோ நகர் அடங்கிய திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2021இல் மெட்ரோ ரயில் விம்கோ நகரைத் தொட்டது. இருந்தும் தெருவுக்குத் தண்ணீர் வரும் நாளைக் குறிப்பது ஒரு அலுவலகம், வீட்டுத் தொட்டியில் புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது இன்னொரு அலுவலகம். எந்தத் தெருவுக்கு எத்தனை நாள் இடைவெளியில் நீர் வருகிறது என்ற பட்டியலையும், எந்தத் தெருவில் புழு அதிகம் என்ற பதிவேட்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்தால், முதலில் எந்தத் தெருவின் குழாயைச் சரிசெய்வது என்று தெரிந்துவிடும்.