கீடோ விலகிய வருஷம்



இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறீர்கள். பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகளும் சில வீடுகளில் உண்டு. 2019-இல் வந்த நம் மாநிலப் பாடநூலில் பைத்தான் மொழி சேர்ந்ததிலிருந்து கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகூட அதில் நாலு வரி எழுதுகிறது. அந்தப் புத்தகம் வகுப்புக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்புவரை, அந்த மொழியில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு சொல்ல ஆளே இல்லாமல் இருந்தது. நான் நடத்தியது வரலாறு, கம்ப்யூட்டர் இல்லை. அதனால்தான் இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. தனியாட்சி முடிந்து அரசியல் சட்டம் பிறக்கும் கட்டத்தை வகுப்பில் நடத்தும்போது நூறு வருஷம், இருநூறு வருஷம் என்று பேசுவோம். இங்கே ஏழே மாதத்தில், தேதி வாரியாக, ரத்தமில்லாமல் நடந்திருக்கிறது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். கீடோ வான் ரோசம், நெதர்லாந்துக்காரர். (நம் பிள்ளைகள் கைடோ என்கிறார்கள். டச்சுக்காரர்கள் தொண்டையிலிருந்து ஹீடோ என்பதுபோலச் சொல்வார்களாம். நான் நடுவில் நின்று கீடோ என்றே எழுதுகிறேன்.) ஆம்ஸ்டர்டாமில் கணிதம், கணினி ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை, 1991 பிப்ரவரியில் வெளியே வந்தது. பெயருக்கும் மலைப்பாம்புக்கும் சம்பந்தமில்லை. பிபிசியில் வந்த மான்டி பைத்தான் என்ற நகைச்சுவைத் தொடர் அவருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

மொழி பரவியது. 1994-இல் பைத்தான் எழுதுகிறவர்களில் ஒருவர் பொதுவில் ஒரு கேள்வி கேட்டார்: கீடோ மீது பஸ் மோதிவிட்டால் என்ன ஆகும்? விளையாட்டாகக் கேட்டதுபோல இருந்தாலும், தன் தொழிலை இந்த மொழியில் நிறுத்தலாமா என்ற கவலை அதில் இருந்தது. அந்தக் கேள்விக்கு யாரும் உருப்படியான பதில் சொல்லவில்லை. மாறாக, 1995-இல் அவருக்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள்: 'ஆயுட்காலக் கருணைமிகு சர்வாதிகாரி'. கேலிதான். ஆனால் கேலிப் பட்டம் இருபது வருஷத்தில் உண்மையான பதவியாகிவிட்டது. மொழியில் மாற்றம் வேண்டுமென்றால் யார் வேண்டுமானாலும் ஒரு முன்மொழிவு எழுதலாம். அதை 'பெப்' என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. எல்லோரும் விவாதிக்கலாம். கடைசியில் கீடோ சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை.

2009 ஏப்ரல் முதல் தேதி ஒரு பொய்ப் பெப் வெளியிட்டார்கள்: கீடோ ஓய்வு பெறுகிறார், இனி பேரி வார்சா என்பவர்தான் 'ஆயுட்கால நட்புமிகு மொழி மாமா' என்று. எல்லோரும் சிரித்தார்கள். இந்தப் பேரி வார்சாவை நினைவில் வையுங்கள்.

இனி 2018. பிப்ரவரி 28-இல் 572-ஆம் எண் முன்மொழிவு வந்தது. விஷயம் இவ்வளவுதான். சில்லறையை எண்ணி, தொகையை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பிறகு அந்தத் தாளைப் பார்த்து 'நூறுக்கு மேல் இருக்கிறதா?' என்று கேட்பது பழைய முறை, இரண்டு வரி. எண்ணிக் குறிக்கும்போதே அந்தக் கேள்வியையும் கேட்டுவிடுவது புதிய முறை, ஒரே வரி. அதற்கு := என்ற குறி. பாஸ்கல் படித்த மூத்த மாணவர்களுக்குப் பழகிய குறிதான். தலையைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு கண்ணும் இரண்டு தந்தமுமாகத் தெரிவதால் வால்ரஸ் என்று அந்தக் கடல் விலங்கின் பெயரை வைத்துவிட்டார்கள்.

இதற்கா சண்டை என்று கேட்பீர்கள். எதிர்த்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. சி மொழியில் கேள்விக்குள்ளேயே மதிப்பை எழுதிவைக்க முடியும். ஒப்பிடுவதற்கு இரண்டு சமக்குறி போட வேண்டிய இடத்தில் தவறுதலாக ஒன்று போட்டு, ராத்திரி முழுக்கப் பிழை தேடியவர்கள் உங்களில் பலர். அந்த வழியையே அடைத்ததால்தான் பைத்தான் பிடித்தது என்று வந்தவர்கள் இருந்தார்கள். தவிர, ஒரு வேலைக்குத் தெளிவான வழி ஒன்று இருந்தால் போதும் என்பது அந்த மொழியின் கொள்கை. 'பைத்தானின் ஜென்' என்ற பெயரில் 19 வரிகளாக அதையெல்லாம் எழுதிவைத்தவர் டிம் பீட்டர்ஸ். வேடிக்கை என்னவென்றால், 572-ஐ எழுதிய மூவரில் அந்த டிம் பீட்டர்ஸும் ஒருவர். கிறிஸ் ஆஞ்செலிகோ இன்னொருவர். மூன்றாமவர் கீடோவே. நடுவர் ஓர் அணியில் ஆடத் தொடங்கினால் ஆட்டம் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நூற்றுக்கணக்கில் மின்னஞ்சல்கள் பறந்தன. ஒருவர் பதில் எழுதி முடிப்பதற்குள் பத்துப் பேர் புதிதாக எழுதியிருப்பார்கள். படிக்காமலே எழுதியவர்களும் உண்டு. மே மாதம் கிளீவ்லாந்தில் மொழியை உருவாக்குகிறவர்கள் கூடியபோது கீடோ குறியைப் பற்றி அதிகம் பேசவில்லை, முடிவெடுக்கும் விதம் இப்படிக் குழம்பிவிட்டதே என்பதைத்தான் பேசினார். ஜூன் 27-இல் 3.7 பதிப்பு ஒழுங்காக வெளியானது. ஜூலையில் 572 ஏற்கப்பட்டது.

அடுத்து ஜூலை 12. முதன்மை உருவாக்குநர்களுக்கு கீடோவிடமிருந்து 'அதிகார மாற்றம்' என்ற தலைப்பில் ஒரு கடிதம் வந்தது. ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடி, அதன் பிறகும் இத்தனை பேர் தன் முடிவை வெறுக்கிறார்கள் என்று காணும் நிலை இனி வேண்டாம் என்று எழுதியிருந்தார். சர்வாதிகாரி பதவியிலிருந்து நிரந்தர விடுமுறை எடுத்துக்கொள்கிறேன், வயதாகிறது, உடல் உபாதைகளின் பட்டியலைச் சொல்லி உங்களைத் தொந்தரவு செய்யவில்லை, அந்த பஸ் இன்னும் தெருமுனையில்தான் நிற்கிறது என்றும் எழுதினார். 1994-இல் கேட்ட அதே பஸ்.

ஒரு குறிக்காகக் கோபித்துக்கொண்டு போனார் என்று அப்போது சிலர் ஏளனம் செய்தார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அரசர்கள் தோற்றுப்போய்ப் பதவி விலகிய கதைகள் நமக்கு ஏராளம். இந்த மனிதர் ஜெயித்த கையோடு விலகினார். அவர் விரும்பிய குறி மொழிக்குள் வந்துவிட்டது. ஆனால் தன் சொல்லுக்கு இருந்த மரியாதையைச் செலவழித்துத்தான் அதை வாங்கினோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது: வாரிசை நான் நியமிக்கப் போவதில்லை. நீங்கள் ஜனநாயகம் அமைப்பீர்களா, சர்வாதிகாரமா, கூட்டாட்சியா, யாருமே ஆளாத நிலையா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். என்னைக் கேட்டால், பைத்தானுக்கு அவர் செய்த பெரிய காரியங்களில் இதுவும் ஒன்று. ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் பெரும்பாலோர் ஏற்றிருப்பார்கள். ஆனால் அப்படி வருகிறவர் கீடோவின் சொல்லால் வந்தவராகவே இருப்பார். அடுத்த சண்டையில் அந்தக் கடன் தீர்ந்துபோகும்.

இங்கேதான் உண்மையான சிக்கல். தலைவரைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தேர்தலுக்கு விதி எழுதுவது யார்? அந்த விதியை ஏற்கலாமா என்று வாக்களிப்பவர் யார்? எந்தக் குடியரசும் தன் முதல் நாளில் இந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மொழியில் நேரடியாகத் திருத்தம் செய்யும் உரிமை பெற்ற முதன்மை உருவாக்குநர்கள் நூறு பேருக்கும் குறைவு. அவர்கள்தான் வாக்காளர்கள் என்று ஒத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் அமெரிக்காவின் ரெட்மண்டில் பலர் நேரில் கூடிப் பேசினார்கள். மற்ற மொழிகளும் திட்டங்களும் எப்படி ஆளப்படுகின்றன என்று ரஸ்ட், ஜாங்கோ, ஜூபிட்டர் என்று ஒவ்வொன்றாக விசாரித்து ஓர் ஆவணம் எழுதினார்கள். நம் அரசியல் நிர்ணய சபை பல நாட்டுச் சட்டங்களைப் புரட்டியதை வகுப்பில் பார்த்தோமே, அதே வேலை.

இடைக்காலத்தில் பிழை திருத்தும் வேலைகள் நடந்தன, பெரிய முன்மொழிவுகள் காத்துக் கிடந்தன. செப்டம்பரில் ஒரு சொல் தகராறு வந்தது. ஒரு கணினி கட்டளையிட, மற்றது கீழ்ப்படியும் ஏற்பாட்டுக்கு 'எஜமான், அடிமை' என்ற சொற்கள் ஆவணங்களில் இருந்தன. அவற்றை நீக்க வேண்டும் என்று விக்டர் ஸ்டின்னர் கேட்டார். நீக்கியதே சரி என்பது என் கட்சி. ஆனால் தகராறு முற்றியபோது அதை முடித்துவைத்தவர் யார் தெரியுமா? பதவியில் இல்லாத கீடோ. நாற்காலி காலி, ஆனாலும் எல்லோர் கண்ணும் அங்கேயே.

ஆட்சிமுறைக்கு ஏழு வரைவுகள் வந்தன. மறுபடி ஒரே தலைவர் என்றது ஒன்று. அதை எழுதியவர் நம் பேரி வார்சா. அந்தப் பதவிக்கு அவர் வைத்த நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் கீடோ என்று வரும்! மூவர் ஆட்சி என்றது ஒன்று. தலைவரே வேண்டாம், அந்தந்தத் துறை வல்லுநர் முடிவு செய்யட்டும் என்றது இன்னொன்று. உருவாக்குநர் அல்லாத வெளியாட்கள் குழு ஆளட்டும் என்றும் ஒருவர் எழுதினார்.

வாக்குகளை எப்படி எண்ணுவது என்பதிலும் விவாதம் நீண்டது. கடைசியில் கோந்தொர்சே முறை. பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தில் வந்து சிறையில் செத்துப்போவாரே, அதே கோந்தொர்சே. 1785-இல் வாக்குக் கணிதம் பற்றி நூல் எழுதியவர். வரைவுகளை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். எந்த வரைவை மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியாக மோதவிட்டாலும் அதுவே ஜெயிக்கிறதோ, அதற்குத்தான் வெற்றி. புரட்சிக்காரர் எழுதிய கணக்கு 233 வருஷம் கழித்து ஒரு கம்ப்யூட்டர் மொழியின் எதிர்காலத்தைத் தீர்மானித்ததைப் படித்தபோது, இது வகுப்பில் சொல்லக் கிடைக்காமல் போயிற்றே என்று இருந்தது.

டிசம்பர் 1 முதல் 16 வரை வாக்குப்பதிவு. நத்தானியேல் ஸ்மித்தும் டொனால்ட் ஸ்டஃப்ட்டும் எழுதிய 8016-ஆம் வரைவு ஜெயித்தது. அதில் பெரும்பகுதி ஜாங்கோ திட்டத்தின் விதிகளைப் பார்த்து எழுதியது, அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு. மொழியின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்குப் பிறகும் புதுத் தேர்தல். ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்கள் இரண்டு பேருக்கு மேல் குழுவில் இருக்கக்கூடாது. பெரிய கம்பெனிகள் இந்த மொழியை நம்பிப் பிழைக்கும் காலத்தில் இதுதான் அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு என்பேன். மூன்றில் இரண்டு பங்குப் பேர் நினைத்தால் குழுவையே நீக்கலாம். குழு தன் அதிகாரத்தை முடிந்தவரை குறைவாகப் பயன்படுத்த வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள்.

2019 பிப்ரவரி 4-இல் முதல் ஐவர் தெரிந்தது: பேரி வார்சா, பிரெட் கேனன், கேரல் வில்லிங், நிக் காக்லன், கீடோ வான் ரோசம். ஆமாம், கீடோவும் போட்டியிட்டு, வாக்கு வாங்கி, ஐந்தில் ஒருவராக வந்தார். ஏப்ரல் முட்டாள் தினத்து மாமாவும் வந்துவிட்டார். அந்த அக்டோபர் 14-இல் 3.8 பதிப்பு வால்ரஸோடு வெளியானது. உலகம் இடிந்துவிடவில்லை. அடுத்த தேர்தலில் கீடோ நிற்கவில்லை.

2020 ஜூனில் கீடோவும் வேறு சிலரும் புதிதாக ஒரு முன்மொழிவு கொண்டுவந்தார்கள். ஒரு தரவு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற வேலையைப் பிரித்துவிடும் வசதி. இதற்கும் எதிர்ப்பு கிளம்பியது. இம்முறை எழுதியவர்கள் அதைத் திரும்பப் பெற்று, மூன்று ஆவணங்களாகப் பிரித்து மறுபடி எழுதி, குழுவின் முன் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 2021 பிப்ரவரியில் ஐவர் குழு அதை ஏற்றது. அந்த ஐவரில் கீடோ இல்லை.