மகைனின்

மகைனின், ஆப்பிரிக்க நகத்தவளையின் (சீனோபஸ் லேவிஸ்) தோல் சுரப்பிகளில் உருவாகும், 23 அமினோ அமிலங்களாலான கிருமிக்கொல்லிப் பெப்டைடு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் ஜாஸ்லாஃப் 1987இல் இதன் இரு வகைகளை விவரித்தார். முட்டைச் செல்களை எடுப்பதற்காக வயிற்றைக் கீறித் தைத்த தவளைகளை, கிருமிகள் மலிந்த தொட்டி நீரிலேயே மீண்டும் விட்டும் புண்கள் சீழ்பிடிக்காமல் ஆறின. இதுவே அவரைத் தோலின் பக்கம் திருப்பியது. பாம்பினா தேரையின் தோலிலிருந்து பாம்பினின் என்ற பெப்டைடு 1970லேயே அறியப்பட்டிருந்தது. எனவே மகைனினின் சிறப்பு முந்திக்கொண்டதில் இல்லை. இத்தகைய பெப்டைடுகள் எப்படிக் கொல்கின்றன என்பதை விளக்கியதில்தான் இருக்கிறது.

மகைனின் நேர்மின்னூட்டம் உடையது. பாக்டீரியாவின் மேற்பரப்போ எதிர்மின்னூட்டம் மிக்கது. ஈர்ப்பு அங்கிருந்தே தொடங்குகிறது. விலங்குச் செல்லின் வெளிச்சவ்வு பெரும்பாலும் மின்னூட்டமற்றது, கொலஸ்ட்ராலும் கொண்டது. ஆகவே அது பெரிதும் தப்புகிறது. பாக்டீரியச் சவ்வை அடைந்ததும் பெப்டைடு சுருள்வடிவம் கொள்கிறது. சுருளின் ஒரு பக்கம் நீரை நாடும், மறுபக்கம் கொழுப்பை நாடும். போதிய மூலக்கூறுகள் சேர்ந்ததும் சவ்வில் துளை விழுந்து, செல்லின் உள்ளடக்கம் கசிகிறது. குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பற்றியே மகைனின் கொல்கிறது என்றால், அதன் கண்ணாடிப் பிம்ப வடிவம் செயலற்றுப்போக வேண்டும். ஆனால் அந்தப் பிம்ப வடிவமான, டி-அமினோ அமிலங்களால் செய்த மகைனினும் அதே வீரியத்துடன் கொன்றது. இலக்கு சவ்வே என்பதற்கு இதைவிட வலுவான சான்று அரிது.

சவ்வையே மாற்றிக்கொள்வது பாக்டீரியாவுக்கு எளிதல்ல என்பதால், இதற்கு எதிர்ப்புத்திறன் தோன்றவே தோன்றாது என்று சிலர் நம்பினர். அது மிகை. மகைனினைத் தழுவி உருவாக்கிய பெக்சிகனானுக்கு ஈ. கோலை பாக்டீரியாவை 600–700 தலைமுறைகள் பழக்கிய 2006ஆம் ஆண்டுச் சோதனையில் எதிர்ப்புத்திறன் தோன்றியது. அதில் ஜாஸ்லாஃபும் பங்கேற்றார். நீரிழிவுப் பாதப்புண்ணுக்கான பெக்சிகனான் களிம்புக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999இல் அனுமதி மறுத்தது. இவற்றைக் கொண்டு தவளைப் பெப்டைடுகள் பயனற்றவை என்று முடிவுகட்டுவதும் அவசரம். ஏற்கெனவே உள்ள மருந்தைவிடக் களிம்பு மேலானது என்று நிறுவப்படாததே மறுப்புக்குக் காரணம்; கிருமியைக் கொல்லவில்லை என்பதல்ல. மேலும், தவளை ஒரே பெப்டைடை நம்பியிருப்பதில்லை. அதே தோல் மகைனினுடன் பிஜிஎல்ஏ என்ற பெப்டைடு முதலான பலவற்றையும் சேர்த்துச் சுரக்கிறது. மகைனின் 2உம் பிஜிஎல்ஏவும் இணைந்தால், தனித்தனியே தருவதைக் காட்டிலும் கூடுதல் வீரியம் காட்டுகின்றன. கலவையாக இயங்கும் தற்காப்பிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்துத் தொடர்ந்து பயன்படுத்தினால், கிருமி பழகிக்கொள்ள வழிவிடுகிறோம். ஆகவே மகைனினின் வரலாறு, புதிய பெப்டைடைத் தேடுவதோடு, எவற்றை எந்த அளவில் சேர்ப்பது என்ற கேள்வியையும் மருந்தியலின் முன் வைக்கிறது.