தோய்ச்சல் ஏற்கும் இரும்பு: அல்கிந்தி முதல் தகீயுத்தீன் வரை

கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுன் பாடிய 'பானத் ஸுஆத்' கஸீதா நம் அரபிக் கல்லூரிகளில் நெடுங்காலமாகப் பயிற்றுவிக்கப்பட்டு வருகிறது. அதில் நபிகளாரைப் போற்றும் இடத்தில் 'முஹன்னத்' என்ற சொல் வருகிறது. 'ஹிந்து நாட்டு இரும்பால் செய்யப்பட்ட வாள்' என்று உரையாசிரியர்கள் அதற்குப் பொருள் எழுதுவர். சில ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தைப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், அரபு நாட்டில் இரும்பே கிடையாதா? வாளைப் புகழ இந்தியாவின் பெயர் எதற்கு?" என்று கேட்டார். "இந்திய இரும்பு உயர்ந்தது என்பதால்" என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றேன். ஏன் உயர்ந்தது என்று அவர் தொடர்ந்து கேட்டிருப்பாரானால் அன்று என்னிடம் விடையில்லை. இக்கட்டுரை அந்த விடையைத் தேடிப் படித்ததன் பயனாகும்.

வாளின் சிறப்பு அதன் கூர்மையில் மட்டும் இல்லை. கூர்மையை எந்த இரும்பிலும் சாணைக்கல் கொண்டுவந்துவிடும். ஓங்கி அடிக்கும்போது வளைந்து, வளைந்தபடியே நின்றுவிடாமலும் ஒடிந்து விடாமலும் பழைய நிலைக்கு மீள்வதே நல்ல வாளின் இலக்கணம். கடிகாரத்தின் சுருள்வில்லுக்கும், வண்டியைத் தாங்கும் விற்பட்டைக்கும் நாம் கேட்பது இதே குணத்தைத்தான். இதை மீள்வலிமை எனலாம்.

இங்கே பலரும் தவறாக எண்ணும் ஒரு செய்தி உண்டு. பதப்படுத்திய எஃகு பதப்படுத்தாத இரும்பைவிட விறைப்பானது என்று நினைக்கிறோம். உண்மையில் ஒரே அளவுள்ள இரண்டு தகடுகளை எடுத்து, ஒன்றைப் பதப்படுத்தி மற்றொன்றைப் பதப்படுத்தாமல் விட்டு, இரண்டிலும் ஒரே சிறு எடையைத் தொங்கவிட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான் வளையும். எடையைக் கூட்டிக்கொண்டே போகும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். மெல்லிரும்பு விரைவிலேயே மீளமுடியாத எல்லையைத் தாண்டி வளைந்தே நின்றுவிடும். முறையாகப் பதப்படுத்திய எஃகு அதைப்போல் நான்கைந்து மடங்கு பாரத்தையும் தாங்கி, எடையை எடுத்ததும் நிமிர்ந்துவிடும். ஆகவே வெப்பத்தால் மாறுவது விறைப்பு அன்று, மீளும் எல்லை.

அந்த எல்லையைத் தீர்மானிப்பவை இரண்டு. முதலாவது கலப்பு. தூய இரும்பு மென்மையானது. அதில் நூற்றுக்கு ஒரு பங்களவில் கரி சேர்ந்தால் அது எஃகாகிறது. இரண்டாவது வெப்பம். கரி கலந்த இரும்பை ஏறக்குறைய 730 பாகை செல்சியசுக்கு மேல் செந்நிறமாகக் காய்ச்சினால் கரி இரும்புக்குள் முழுதாகக் கரைகிறது. உடனே நீரிலோ எண்ணெயிலோ முக்கினால், கரைந்த கரி வெளியேற நேரமின்றி உள்ளேயே அகப்பட்டுக்கொள்கிறது. அணுக்களின் வரிசை அதனால் நெருக்குண்டு, இரும்பு மிகக் கடினமாகிறது. கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையும் பெறுகிறது. அதை மீண்டும் மிதமாகச் சூடாக்கினால் நொறுங்கும் தன்மை நீங்கி வலிமை பெருமளவு எஞ்சுகிறது. இன்றைய சுருள்வில் எஃகை இவ்வாறு 400 முதல் 500 பாகை வரை இரண்டாம் முறை காய்ச்சுகின்றனர். சிலிக்கன், குரோமியம், வனேடியம் ஆகியவற்றைச் சிறிதளவு சேர்ப்பதும் உண்டு. செம்பில் வேறு வழி. பாஸ்பர் வெண்கலம் நெருப்பால் வலுப்பெறுவதில்லை, குளிர்ந்த நிலையில் உருட்டித் தகடாக்குவதால் வலுப்பெறுகிறது. பெரிலியம் கலந்த செம்போ இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைத்தால் வலுப்பெறுகிறது.

நம் கொல்லர்கள் காய்ச்சி முக்குவதைத் 'தோய்ச்சல்' என்பர். அரபியில் இதற்கு 'ஸக்ய்' என்று பெயர். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதற்கும் தாகித்தவனுக்கு நீர் புகட்டுவதற்கும் உரிய அதே சொல்தான். ஃபிக்ஹு நூல்களில் வேளாண்மை ஸகாத் பற்றிய பாடத்தில் இச்சொல்லை ஆண்டுதோறும் கற்பிக்கும் நாம், இரும்புக்கும் இதே சொல் உண்டு என்பதை மாணவருக்குச் சொல்வதில்லை.

இச்சொல்லை ஓர் அறிவியல் அளவுகோலாகவே பயன்படுத்தியவர் அபூ யூசுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்கிந்தி. கி.பி. 873 அளவில் மறைந்த இந்தத் தத்துவ மேதை, 833 முதல் 842 வரை ஆண்ட கலீஃபா முஃதஸிம் பில்லாஹ்வுக்காக வாள்களின் வகைகள் குறித்து ஒரு சிற்றேடு எழுதினார். அரிஸ்டாட்டிலை அரபுலகுக்கு விளக்கியவர் கொல்லுப்பட்டறைக்குள் நுழைந்து எழுதியது அது. இரும்பை அவர் முதலில் சுரங்க இரும்பு, சுரங்கத்தில் பிறவாத இரும்பு என இரண்டாகப் பிரிக்கிறார். சுரங்க இரும்பில் 'ஷாபுர்கான்' என்பது ஆண் இரும்பு. கடினமானது, இயல்பாகவே தோய்ச்சலை ஏற்பது. 'நர்மாஹன்' என்பது பெண் இரும்பு. மென்மையானது, தோய்ச்சலை ஏற்காதது. இரண்டையும் இணைத்துச் செய்வது கூட்டிரும்பு. சுரங்கத்தில் பிறவாதது 'ஃபூலாத்'. சுரங்க இரும்பை உருக்கும்போது அதில் சில பொருள்களைச் சேர்த்துத் தூய்மைப்படுத்த, அது உறுதியும் துவளும் தன்மையும் ஒருங்கே பெற்று, தோய்ச்சலை ஏற்று, 'ஃபிரிந்த்' எனப்படும் நீரலை போன்ற வரிகளை வெளிக்காட்டும் என்கிறார் அவர்.

கரி என்ற தனிமத்தின் பங்கு அல்கிந்திக்குத் தெரியாது. ஐரோப்பாவிலேயே அது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவானது. ஆயினும் நிறம், எடை, பிறந்த ஊர் ஆகியவற்றை விட்டு, காய்ச்சி முக்கினால் என்ன ஆகிறது என்பதையே அவர் பிரிவுக்கு அடிப்படையாகக் கொண்டார். இன்றைய உலோகவியல் மெல்லிரும்பையும் எஃகையும் பிரிக்கும் கோடு பெரும்பாலும் அதே இடத்தில்தான் விழுகிறது. உறுதியையும் துவளலையும் ஒரே பொருளின் குணங்களாக அவர் சேர்த்துச் சொன்னதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

சேர்க்கும் பொருள்கள் எவை என்பதை இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அபூ ரைஹான் அல்பீரூனி தருகிறார். 1041இல் கஸ்னியின் அரியணை ஏறிய சுல்தான் மவ்தூதின் காலத்தில் எழுதிய 'கிதாபுல் ஜமாஹிர்' என்ற மணிக்கல் நூலில் இரும்புக்கும் ஓர் இயல் உண்டு. டமாஸ்கஸ் நகரத்துக் கொல்லர் மஸ்யத் இப்னு அலீ என்பவர் வாள்கள் பற்றி எழுதிய நூலைச் சுட்டி, அவர் முறையை அல்பீரூனி விளக்குகிறார். நர்மாஹன் இரும்பாலான குதிரை லாடங்களையும் அவற்றின் ஆணிகளையும் களிமண் மூசையில் இட்டு, சில கனிமப் பொடிகளைச் சேர்த்து, துருத்தியால் ஊதி உருக்க வேண்டும். பிறகு கடுக்காய், மாதுளைத்தோல், உப்பு, சிப்பி ஓடு ஆகியவற்றை இடித்துக் கட்டிய சிறு முடிச்சுகளை மூசைக்கு ஒன்றாகப் போட்டு, மீண்டும் கடுமையாக ஊதி, ஆறவிட்டு, முட்டை வடிவில் திரண்டிருக்கும் எஃகை எடுக்க வேண்டும். இதைப் படிப்போர் மந்திரக் குறிப்பு என்று நகைக்கலாம். ஆனால் கடுக்காயும் மாதுளைத்தோலும் மூடிய மூசைக்குள் கரியாகின்றன. அக்கரியை இரும்பு உறிஞ்சிக்கொள்கிறது. பழைய லாடம் எஃகாவது இவ்வாறுதான்.

அதே இயலில் ரூஸ் மக்களின் வாள்கள் பற்றிய செய்தி இதைவிட வியப்பானது. வடக்கே வாழ்ந்த அவர்கள் விளிம்புகளை ஷாபுர்கானாலும் நடுப்பகுதியை நர்மாஹனாலும் செய்தனர். ஏனெனில் அவர்கள் நாட்டுக் கடுங்குளிரில் ஃபூலாத் அடி தாங்காது ஒடிந்துவிடும் என்று அல்பீரூனி காரணம் கூறுகிறார். மூசை எஃகில் கரி நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவில் உண்டு. பாஸ்பரசும் பெரும்பாலும் இருக்கும். இத்தகைய எஃகு குளிரில் நொறுங்கும் என்பது இன்று சோதனைக் கூடங்களில் மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. தாம் புகழும் பொருளின் குறையையும் மறைக்காமல் எழுதுவதே அறிஞருக்கு அழகு.

மாணவரின் வினாவுக்கு இனி வருவோம். அல்கிந்தி ஸரந்தீப் எஃகையும் குறிப்பிடுகிறார். இலங்கையின் சமனலவெவ மலைச்சரிவுகளில் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய உலைகளின் எச்சங்களை ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். அத்தகைய உலையை மீண்டும் கட்டி இயக்கி, கரி மிகுந்த எஃகைப் பெற்று, 1996இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அவ்வுலைகளின் காலம் அப்பாஸியர் காலத்தோடு பொருந்துகிறது. தமிழகத்தில் நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலிலும், வடதமிழகத்து மேல்சிறுவலூரிலும் மூசை உருக்குத் தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. ஆங்கிலத்தில் 'வூட்ஸ்' என வழங்கும் பெயர் கன்னட 'உக்கு'வின் திரிபு. நம் 'உருக்கு' அதற்கு உறவுச்சொல். மத்திய ஆசியாவின் மர்வு நகரிலும் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த மூசை எஃகுப் பட்டறை அகழ்ந்து எடுக்கப்பட்டுள்ளது.

எனவே 'டமாஸ்கஸ் எஃகு' என்ற பெயரைக் கொண்டு அனைத்தையும் ஒரு நகருக்கோ ஒரு சமுதாயத்துக்கோ உரிமையாக்குவது முறையன்று. உருக்கியவர் ஒருவர், கடலில் கொண்டுசென்றவர் மற்றொருவர், அடித்தவர் வேறொருவர், எழுதிவைத்தவர் இன்னொருவர். நம் மேடைகளில் இதற்கு மாறானதே கேட்கிறது. ஒரு 17ஆம் நூற்றாண்டு வாளில் கரியின் நுண்குழாய்கள் காணப்பட்டதாக ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2006இல் அறிவித்ததும், முஸ்லிம்கள் நானோ தொழில்நுட்பத்தை அன்றே அறிந்திருந்தனர் என்று பேசத் தொடங்கிவிட்டோம். அக்கொல்லர் அறிந்தது நெருப்பின் நிறத்தையும் சம்மட்டியின் ஓசையையும்தான். 'அல்ஹதீத்' அத்தியாயத்தின் எண் 57 என்பதை இரும்பு அணுவின் நிறையோடு பொருத்துவாரும் உளர். இரும்பில் மிகுதியாக இருப்பது 56 என்பதை அவர்கள் சொல்வதில்லை. இரும்பில் பெரும் வலிமை உண்டு என்று இறைமறை கூறுவதும், தாவூத் (அலை) அவர்களுக்கு அது மென்மையாக்கித் தரப்பட்டதும் நமக்குப் போதும். இத்தகைய முட்டுக்கட்டைகள் அதற்குத் தேவையில்லை.

இக்கலை மறைந்ததற்கான காரணமும் கலப்போடு தொடர்புடையது. ஜான் வெர்ஹோவன், ஆல்ஃபிரட் பென்ட்ரே ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஃபிரிந்த் வரிகள் தோன்ற வனேடியம் போன்ற தனிமங்கள் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மிகக் குறைவாகவேனும் இருக்க வேண்டும் எனக் காட்டினர். அத்தனிமங்கள் சில கனிமப் பாறைகளில் மட்டுமே இயற்கையாக அமைந்தவை. அப்பாறை தீர்ந்தபின் பட்டறையில் முறை மாறாதிருந்தும் வரிகள் வரவில்லை. கொல்லர் தம் கையில் பிழையைத் தேடியிருப்பார்; பிழை மண்ணில் இருந்தது. ஐரோப்பியர் வேறு வகையில் தோற்றனர். தங்கள் இரும்பைப் போல் இதையும் வெண்சூடேற்றி அடித்தபோது அது உதிர்ந்தது. இந்திய எஃகின் இரகசியத்தை அறிய முனைந்த மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து எஃகில் வெள்ளி, பிளாட்டினம் முதலியவற்றைக் கலந்து பார்த்து 1820இலும் 1822இலும் கட்டுரைகள் வெளியிட்டார். வூட்ஸின் இரகசியம் அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் கலப்பு எஃகு பற்றிய முறையான ஆய்வுகளுள் அவை முன்னோடிகளாயின.

மீள்வலிமை வாளைவிட்டுக் கருவிக்குள் புகுந்ததையும் ஓர் அரபு நூலில் காணலாம். 1526இல் டமாஸ்கஸில் பிறந்து, பின்னர் இஸ்தான்பூலில் 1577இல் வானாய்வகம் அமைத்த தகீயுத்தீன் இப்னு மஃரூஃப், 1559இல் கடிகாரங்கள் பற்றி 'அல்கவாகிபுத் துர்ரிய்யா' என்ற நூலை எழுதினார். எடையால் ஓடும் கடிகாரங்களோடு சுருள்வில்லால் ஓடும் கடிகாரங்களையும் அதில் விளக்குகிறார். சுருள்வில்லுக்கு இன்றைய அரபியில் 'ஸுன்புரக்' என்பர். பாரசீகத்தில் 'சிறு குளவி' எனப் பொருள்படும் அச்சொல், ஒரு காலத்தில் குறுக்குவில்லுக்குப் பெயராக இருந்தது.