மதராஸ் மாகாணத்துக் காசில் பறந்தவை

நான் செய்த மாதிரி விமானங்களில் அதிக நாள் எடுத்துக்கொண்டது டிஃபையன்ட் என்ற பிரிட்டிஷ் போர் விமானம். ஸ்பிட்ஃபயர் என்றால் எனக்கு ஒரு வாரம் போதும். டிஃபையன்டுக்கு இரண்டு மாதம் ஆனது. ஒட்டவும் தேய்க்கவும் ஆன நாட்களைவிடப் படிக்க ஆன நாட்களே அதிகம்.

எனக்கு ஊர் வளையமாதேவி. நெய்வேலிச் சுரங்கப் பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆள் உயரப் பல்சக்கரங்களோடு புழங்கிய கை, ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க மறுத்தது. மகன் ஒரு தீபாவளிக்கு சென்னையிலிருந்து பிளாஸ்டிக் விமான கிட் ஒன்று வாங்கி வந்தான். அன்றிலிருந்து திண்ணை ஓரத்து மேசைதான் என் பணிமனை. அரம் அதே அரம்தான், அளவு மட்டும் சிறியது. உப்புத்தாள் 120-லிருந்து 1000-க்கு மாறிவிட்டது.

இந்தக் கிட்களில் பெரும்பாலானவை 1:72 அளவு. ஆறு அடி என்பது ஓர் அங்குலமாகச் சுருங்கும். ஆறடி மனிதனை ஓர் அங்குலப் பொம்மையாக நிறுத்தலாம் என்பதால் பிடித்துப்போன கணக்கு இது. லண்டனில் ஃபிராக் நிறுவனம் 1936-ல் இந்த அளவில் பிளாஸ்டிக் விமானங்களை விற்கத் தொடங்கியது. போர் வந்ததும் விளையாட்டுப் பொருள் போர்க்கருவியானது. மேலே பறப்பது நம் விமானமா எதிரி விமானமா என்று பீரங்கிக்காரருக்கு ஒரு நொடியில் தெரியவேண்டும். அந்தப் பயிற்சிக்காக 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடமே ஐந்து லட்சம் மர மாதிரிகளைச் செய்துதரக் கேட்டது. அதுவும் 1:72 தான். போருக்குப் பிறகு, ஒரு காலத்தில் சீப்பு வார்த்துக்கொண்டிருந்த ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1953-ல் ஸ்பிட்ஃபயர் கிட்டைக் கொண்டுவந்தது. என் மேசைக்கு வரும் பெட்டிகள் அந்த வழியில் வந்தவை.

டிஃபையன்ட் கிட்டை ஏர்ஃபிக்ஸ் 2015-ல் புது அச்சில் வெளியிட்டது. நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 39 அடி 4 அங்குலம். என் மேசையில் அது ஆறரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். எந்த ஸ்குவாட்ரனின், அதாவது எந்த விமானப் படைப்பிரிவின், வண்ணம் அடிப்பது என்று முடிவு செய்வதற்காக 264-ஆம் ஸ்குவாட்ரனைப் பற்றித் தேடினேன். டிஃபையன்டை முதன்முதலாகப் போருக்கு ஓட்டிப் போனவர்கள் அவர்கள்தான். எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர் இருந்தது: மதராஸ் பிரசிடென்சி.

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அது ஒன்றல்ல, மூன்று. 79, 234, 264 என்று பிரிட்டிஷ் விமானப்படையில் மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு அதே பெயர். ஐதராபாத், மைசூர், பம்பாய் பெயர்களிலும் ஸ்குவாட்ரன்கள் இருந்தன. விமானம் வாங்கப் பணம் கொடுத்த சமஸ்தானத்துக்கும் மாகாணத்துக்கும் நன்றியாகச் சூட்டிய பெயர்கள் அவை. அந்த மதராஸ் மாகாணத்தில் எங்கள் தென்னார்க்காடு ஜில்லாவும் அடக்கம்.

1940-ல் பிரிட்டனின் விமான உற்பத்தி அமைச்சராக இருந்த பீவர்புரூக் காலத்தில் ஒரு ஸ்பிட்ஃபயருக்கு நன்கொடை விலை 5,000 பவுண்டு என்று வைத்தார்கள். உண்மையில் ஆன செலவு அதைவிட மிக அதிகம். அன்று ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங். அந்தக் கணக்கில் ஒரு விமானம் ஏறக்குறைய 66,700 ரூபாய். ரூபாய்க்குப் பதினாறு அணா என்று பெருக்கிப் பார்த்தால் பத்து லட்சத்துக்கும் மேலான அணாக்கள். நான் அதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

யார் சம்மதத்தில் கொடுத்தது? கேள்வி கேட்க அன்று சட்டசபை கூடவில்லை. இந்தியர்களைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இழுத்ததை எதிர்த்து 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை விலகியிருந்தது. 1940 மார்ச்சில் கவர்னராக வந்த ஆர்தர் ஹோப்பின் நேரடி ஆட்சி. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தில், இந்தப் போருக்கு ஆளோ பணமோ கொடுப்பது தவறு என்று சொல்லித்தான் ஆட்கள் சிறைக்குப் போனார்கள். மறுபக்கம் ஜமீன்தார்களும் வியாபாரிகளும் விரும்பியே கொடுத்தார்கள். ஹிட்லர் ஜெயித்தால் உலகத்துக்கே கேடு என்று மனதார நம்பிக் கொடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்கள் நம்பியது சரிதான். ஆனால் எங்கள் அப்பா சொன்னது வேறு மாதிரி. அவருக்கு அப்போது ஒன்பது வயது. தாத்தாவோடு கிஸ்தி கட்டப் போனபோது, கட்டிய பணத்துக்கு மேல் யுத்த நிதிக்கு என்று நாலணா வைக்கச் சொன்னார்களாம். தாத்தா வைத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பார் அப்பா. அந்த நாலணா எங்கே போய்ச் சேர்ந்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எந்த விமானத்தின் எந்த ஆணியில் அது இருந்திருந்தாலும், பெயர் என்னவோ மதராஸ் மாகாணம்தான்.

அந்த நாலணாக்காரர்களின் பெயரில் பறந்த 264-ஆம் ஸ்குவாட்ரனின் கதையைச் சொல்கிறேன்.

டிஃபையன்டுக்கு முன்பக்கம் துப்பாக்கி கிடையாது. விமானியின் முதுகுக்குப் பின்னால் சுழலும் கூண்டு ஒன்று, அதில் நான்கு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள், அவற்றுக்கென்று ஒரு ஆள். விமானி ஓட்டுவார், பின்னால் இருப்பவர் சுடுவார். இந்தக் கூண்டைச் செய்யத்தான் எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் பசை ஒரு துளி அதிகம் பட்டாலும் புகை படிந்தமாதிரி வெளுத்துவிடும். முதல் கூண்டு எனக்கு அப்படித்தான் வீணானது. நல்லவேளையாகப் பெட்டியில் மாற்று இருந்தது. துப்பாக்கிக் குழாய்களைச் சட்டத்திலிருந்து கட்டரால் வெட்டும்போதே ஒன்று ஒடிந்தது. அதற்குப் பதிலாகத் தையல் ஊசியை வெட்டி வைத்தேன்.

கூண்டு பொருத்தி முடித்த அன்று பேத்தி வந்து விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“தாத்தா, எல்லாத் துப்பாக்கியும் பின்னாடி இருக்கே. முன்னாடியிலிருந்து வர்றவனை எப்படிச் சுடுவாங்க?”

ஒன்பது வயதுப் பெண் கேட்ட அதே கேள்விக்கு ஜெர்மன் விமானிகள் சீக்கிரமே விடை கண்டுபிடித்தார்கள். 1940 மே 13 அன்று ஹாலந்தின் மேலே போன ஆறு டிஃபையன்ட்களில் ஐந்து திரும்பவில்லை. டன்கர்க் கடற்கரையிலிருந்து படைகளை மீட்டுக்கொண்டிருந்த மே 29-ல் நிலைமை தலைகீழ். ஒரே நாளில் 37 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக 264 கணக்குக் கொடுத்தது. பிரிட்டனின் ஹரிக்கேன் போர் விமானம் என்று தவறாக நினைத்துப் பின்பக்கமாக வந்தவர்கள் கூண்டின் வாயில் விழுந்தார்கள் என்று சொல்வதுண்டு. பின்னாளில் ஜெர்மன் ஆவணங்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள் எண்ணிக்கை அவ்வளவு இல்லை என்கிறார்கள். ஒரே விமானத்தைப் பலபேர் சுடும் குழப்பத்தில் அப்படி நேர்வது இயல்பு. ஆகஸ்டு கடைசியில் எதிரிகள் முன்பக்கமாகவும் கீழிருந்தும் வந்தார்கள். ஆகஸ்டு 24 அன்று ஸ்குவாட்ரன் தலைவர் பிலிப் ஹண்டர் ஒரு ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தைத் துரத்திக்கொண்டு கடலுக்கு மேலே போனார். அவரும் கூண்டில் இருந்த கிங்கும் திரும்பவேயில்லை. சில நாட்களில் ஸ்குவாட்ரனைப் பகல் போரிலிருந்தே விலக்கி, இரவுப் போருக்கு மாற்றிவிட்டார்கள்.

விமானி குதித்துத் தப்பிக்க வழி உண்டு. கூண்டுக்குள் இருப்பவருக்கு அது மிகக் கடினம். அந்தக் கூண்டைக் கையால் பூட்டியவன் என்ற முறையில் எனக்கு அது புரிகிறது. ஹண்டர் கடைசியாக ஓட்டியது என்1535. அதன் பக்கவாட்டில் பி எஸ் ஏ என்று மூன்று எழுத்து. என் விமானத்துக்கும் அதே எழுத்துகளைத்தான் போட்டேன். வெந்நீரில் ஊறவைத்த டெக்காலை விரல் நுனியால் நகர்த்தி உட்காரவைக்கும்போது கை நடுங்கியது. வயது காரணம் இல்லை.

மற்ற இரண்டு ஸ்குவாட்ரன்களில் 234 ஸ்பிட்ஃபயர் ஓட்டியது. அதன் சிறந்த விமானியான ஆஸ்திரேலியர் பாட் ஹியூஸ் 1940 செப்டம்பர் 7-ல் இறந்தார். என்னை அதிகம் தொந்தரவு செய்வது 79. அது 1942-ல் இந்தியாவுக்கு வந்து, முதலில் ஹரிக்கேனிலும் 1944-லிருந்து தண்டர்போல்ட்டிலும் பர்மா போர்முனையில் பறந்தது. அதே பர்மா போர்முனையில் தரையில், எதிர்ப்பக்கத்தில் இருந்த இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் இருந்தார்கள். மேலே பறந்ததன் பெயரில் மதராஸ், கீழே துப்பாக்கியோடு நின்றவர்களின் சொந்த ஊர் மதராஸ் மாகாணம். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிய சரித்திரப் புத்தகம் என் கைக்கு இதுவரை வரவில்லை.

போர் எங்கள் மாகாணத்தையும் தொட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பான் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கியபோது சென்னை காலியானது, அரசு அலுவலகங்கள் வெளியூர்களுக்குப் போயின. உளுந்தூர்பேட்டையில் அந்தப் போரின்போது போட்ட ஓடுதளம் இன்னும் கிடக்கிறது. வண்ணம் அடிக்கும் முன் பைக்கில் போய் அதில் நடந்துவிட்டு வந்தேன்.

விமானத்தின் மேல்பக்கம் கரும்பச்சையும் மண்நிறமும் கலந்த வண்ணம். டப்பாவில் இருந்த மண்நிறம் எனக்குச் சரியாகப் படவில்லை, கொஞ்சம் கறுப்புச் சேர்த்தேன். உழுது தண்ணீர் கட்டிய எங்கள் வயலின் நிறம் வந்தது. போட்டிக்கு அனுப்பினால் மதிப்பெண் குறையும். நான் அனுப்பப் போவதில்லை.

இன்று உலகத்தில் முழுதாக எஞ்சியிருக்கும் டிஃபையன்ட் ஒன்றே ஒன்று. பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது போலந்து வீரர்களின் 307-ஆம் ஸ்குவாட்ரனுடையது. மதராஸ் பெயர் தாங்கிய டிஃபையன்ட்களில் ஒன்றும் முழுதாக மிஞ்சவில்லை. என் வீட்டு அலமாரியில் இருப்பதன் அடியில் தேக்குப் பலகை வைத்து, ‘264, மதராஸ் மாகாணம், 1940’ என்று தமிழில் எழுதியிருக்கிறேன்.

ஹண்டரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். பணம் கொடுத்த ஊர்களின் பெயர் எங்கே இருக்கிறது? பழைய டிரங்குப் பெட்டியிலோ பரணிலோ யுத்த நிதி ரசீதோ, கிஸ்திச் சீட்டோ, அந்த நாள் கடிதமோ கிடந்தால் தயவுசெய்து பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். நாலணா ரசீதாக இருந்தாலும் காட்டுங்கள்.