இந்தக் குளிரில் ஃபேன் ஏன் சுத்துது?



நமது டவுனில் வேன், கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "வெளியே நடுங்குற குளிர். வாகனத்தை ஓஃப் பண்ணின பிறகும் முன்னுக்கு ஃபேன் சுத்துது. ஏதும் ரிப்பேரா?"

பெரும்பாலும் ரிப்பேர் இல்லை. ஃபேன் வெளியே இருக்கும் குளிரைப் பார்ப்பதில்லை. என்ஜினுக்குள் ஓடும் தண்ணீரின் சூட்டை மட்டும்தான் பார்க்கிறது. ஆனால் இந்தப் புத்தி ஃபேனுக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. அந்தக் கதை நம்மைப் போன்ற மலைப்பாதைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

நானுஓயா வரை ரயில் பாதை திறக்கப்பட்டது 1885இல். அதாவது ரயில் நமது கொட்டகலையைத் தாண்டிப் போன பிறகுதான் உலகத்தில் மோட்டார் கார் வருகிறது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தனது மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886 ஜனவரியில். அந்த வண்டியில் ஃபேனும் இல்லை, இன்று நாம் பார்க்கும் ரேடியேட்டரும் இல்லை. என்ஜினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும். அதுதான் குளிராக்கும் முறை. குறையக் குறைய ஊற்ற வேண்டும். 1888இல் அவரது மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்மாருடன் மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை ஏறக்குறைய 100 கிலோமீற்றர் அந்த வகை வண்டியில் போனார். வழி நெடுகத் தண்ணீர் தேடி ஊற்றிக்கொண்டேதான் போனார். மேடு வந்தபோது மகன்மார் இறங்கித் தள்ளினார்கள். கினிகத்தேனை மேட்டில் பழைய வாகனம் ஓட்டியவர்களுக்கு இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும்.

தண்ணீர் ஊற்றும் வேலையைக் குறைத்தவர் வில்ஹெல்ம் மேபாக். 1900ஆம் ஆண்டு இறுதியில் வந்த மெர்சிடிஸ் 35 காருக்கு அவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் ஒன்றைச் செய்தார். 8,070 சின்னக் குழாய்கள். பின்னால் ஒரு ஃபேன். அதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் பெரும்பாலான கார்களில் ஃபேன் என்றால் பெல்ட்டில் ஓடும் ஃபேன்தான். நமது ரோட்டில் ஓடிய மொரிஸ் மைனர், ஒஸ்டின் எல்லாம் அந்த இனம்.

பெல்ட் ஃபேனுக்கு யோசிக்கத் தெரியாது. என்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும். விடியற்காலைப் பனியில் என்ஜின் இன்னும் சூடேறாத நேரத்திலும் சுற்றும். பள்ளத்தில் வேகமாக இறங்கும்போது எதிர்க்காற்றே போதும், அப்போதும் சுற்றும். ஆனால் வாகன நெரிசலில் நிற்கும்போது, அதாவது காற்று மிகவும் தேவைப்படும்போது, என்ஜின் மெதுவாக ஓடுவதால் ஃபேனும் சோம்பலாகச் சுற்றும். பெற்றோல் வேறு வீண். ஃபேனின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அதைச் சுற்றுவதற்கு வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். குளிர்நாட்டுக்காரர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் துணி மறைப்புக் கட்டி என்ஜினைச் சூடாக வைத்தார்கள். ஒரு பக்கம் ஃபேன், மறுபக்கம் போர்வை!

இந்தக் கூத்துக்கு முடிவு கட்டியது என்ஜினைத் திருப்பிப் போட்டதுதான். 1959இல் அலெக் இசிகோனிஸ் மினி காரில் என்ஜினைக் குறுக்காக வைத்தார். பெல்ட் ஃபேன் பக்கவாட்டைப் பார்த்ததால் ரேடியேட்டரையும் பக்கத்துக்கே கொண்டுபோனார். 1964இல் இத்தாலியில் தாந்தே ஜகோசாவின் வடிவமைப்பில் வந்த ஓட்டோபியாங்கி பிரிமுலா வேறு வழியில் போனது. என்ஜின் குறுக்கே, ரேடியேட்டர் முன்னால், நடுவில் தனி மோட்டாரில் ஓடும் ஃபேன். 1969இல் ஃபியட் 128, 1974இல் கோல்ஃப் என்று அந்த முறை பரவியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெற்றோல் மிச்சம் பிடிக்கும் எதற்கும் மவுசுதானே. நமது நாட்டில் 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பான் வாகனங்கள் குவிந்தன. 1980களில் சனி, கொரோலா போன்றவையும் முன்சக்கர இழுவைக்கு மாறியபோது மின்சார ஃபேன் நமது மலைக்கும் ஏறிவிட்டது. (டொல்பின் வேன் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். உங்களுடையது இன்னும் பெல்ட் வம்சம்தான்.)

சரி, மின்சார ஃபேன் எப்போது ஓடும்? ஆரம்பத்தில் ஓர் ஈருலோகத் தகட்டு சுவிட்ச்தான் அதைத் தீர்மானித்தது. வீட்டு மின்னழுத்தி சூடானதும் தானாக நிற்கிறதே, அதே தத்துவம், தலைகீழாக. இப்போது சென்சர் சொல்ல, கம்பியூட்டர் தீர்மானிக்கிறது. பல கார்களில் தண்ணீர் 92 முதல் 98 பாகை வரும்போது ஃபேன் தொடங்கும், சில பாகை இறங்கியதும் நிற்கும். ஓடும் காரில் எதிர்க்காற்றே வேலையைப் பார்த்துவிடும். வட்டவளை மேட்டில் ஒரு லொறிக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்து ஏறினால் காற்றுக் குறைவு, சூடு அதிகம், ஃபேன் ஓடும். ஏறி வந்து தேநீருக்கு நிறுத்தினால் தண்ணீர் ஓட்டம் நின்று என்ஜினில் தேங்கிய சூடு மேலெழும். அதனால்தான் சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சுற்றுகிறது. சூடான என்ஜினில் பொனட்டைத் திறந்து ஃபேன் பக்கம் கை வைக்காதீர்கள் என்பதும் அதனால்தான். எந்த நேரமும் அது தொடங்கலாம்.

ஏசி போட்டாலும் ஃபேன் ஓடும். நமக்கு ஏசி எதற்கு என்கிறீர்களா? மூடுபனியில் கண்ணாடி மங்கும்போது அதைத் தெளிவாக்கும் பொத்தானை அழுத்துகிறோமே, பல கார்களில் அது ஏசியையும் சேர்த்தே இயக்குகிறது. குளிரில் ஃபேன் சுற்றும் மர்மத்தில் பாதி இதுதான்.

இனி நமது ஊருக்கே உரிய ஆபத்துக்கு வருவோம். தரம் 10 பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள், உயரம் கூடினால் அமுக்கம் குறையும், கொதிநிலையும் குறையும். நாம் இருப்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,000 அடி உயரத்தில். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94. ரேடியேட்டர் மூடிதான் பிரஷர் குக்கர் போல அமுக்கத்தைக் கட்டி வைத்துக் கொதிநிலையை 115 பாகைக்கு மேலே தூக்குகிறது. அந்த மூடியின் ரப்பர் தேய்ந்துபோனால்? ஃபேன் 97 பாகைக்காகக் காத்திருக்கும், தண்ணீரோ 96இலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். சென்சரைச் சுற்றி நீராவி மட்டுமே இருந்தால் அது சொல்லும் கணக்கும் பிழைக்கும். கொழும்பில் சமாளிக்கும் பழைய மூடி நமது மேட்டில் ஹெட் கேஸ்கெட்டை எரிக்கும். கூலண்ட் ஊற்றினால் கொதிநிலை இன்னும் சில பாகை கூடும். ஊற்றுத் தண்ணீர் ஊற்றினால் அந்த நன்மை இல்லை, துருவும் சேரும்.

மறுபக்கமும் உண்டு. ஏசி போடாத, நெரிசல் இல்லாத ஊரில் ஃபேனுக்கு வேலை குறைவு. மோட்டார் பழுதாகிக் கிடந்தாலும், வயர் முனை பச்சை பிடித்துப்போனாலும் பல மாதம் நமக்குத் தெரியாது. நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிறோம். அவிசாவளை தாண்டி வெக்கையிலும் நெரிசலிலும் மாட்டியதும்தான் ஊசி சிவப்புக்குப் போகிறது. மாதம் ஒரு முறை வாகனத்தை நிறுத்தி வைத்து ஏசியைப் போட்டுப் பாருங்கள், ஃபேன் சுற்றுகிறதா என்று. காசு செலவில்லாத சோதனை.

சில கராஜ்களில் ஃபேனை டிரெக்ட் பண்ணித் தருகிறார்கள், தேர்மோஸ்டட்டையும் கழற்றி வீசுகிறார்கள். அவசரத்துக்கு வீடு வந்து சேர அது உதவும், மறுப்பதற்கில்லை. அப்படியே விட்டால் நாம் மறுபடியும் மொரிஸ் மைனர் காலத்துக்குப் போகிறோம். எந்நேரமும் சுற்றும் ஃபேன், காலைக் குளிரில் சூடேறாத என்ஜின், கூடும் பெற்றோல் செலவு. 2020இலிருந்து ஐந்து வருடம் வாகன இறக்குமதி நின்றிருந்த நாட்டில், திறந்த பிறகும் விலை எட்டாத நிலையில், இருக்கும் வாகனத்தைத்தான் நாம் காப்பாற்றியாக வேண்டும். புது மூடி, புது சுவிட்ச் இரண்டின் விலையையும் ஹெட் கேஸ்கெட் வேலையின் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெல்ட் ஃபேன் காலத்தில் இந்தப் பாதையில் ஓட்டிய அண்ணன்மாரும் நானாமாரும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஹட்டன் ரோட்டில் எந்தெந்த ஓடையில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடித்தீர்கள்? இடத்தின் பெயரோடு எழுதுங்கள், பிள்ளைகளுக்குக் காட்ட நாம் எடுத்து வைக்கிறோம்.